மெரிமீட்டிங்கா, ஹம்போல்டா: ஸ்கல் படகு வேட்டையில் எதைத் தேர்வது?

படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைமாட்டில் இருக்கும் ஒற்றைத் துடுப்பை ஒரு கையால் அசைத்தபடி, நீரில் அமர்ந்திருக்கும் வாத்துக் கூட்டத்தைச் சத்தமில்லாமல் நெருங்கும் வேட்டை முறை அமெரிக்காவின் சில நீர்நிலைகளில் இன்றும் வழக்கில் உள்ளது. இதற்கென்றே கட்டப்படும் தாழ்வான படகை ஸ்கல் படகு என்கிறார்கள். துடுப்பு பக்கவாட்டில் இல்லாமல், பின்பலகையில் உள்ள வட்டத் துளை வழியாக நீருக்குள் இறங்குகிறது. அதன் அலகு நீருக்கடியில் எட்டு வடிவத்தில் அலைந்து படகைத் தள்ளுவதால், துடுப்பு நீரிலிருந்து மேலெழுவதும் இல்லை, நீர் சொட்டுவதும் இல்லை. இந்த முறையைக் கையாள்பவர்களிடையே படகு, துடுப்பு, மறைப்பு, துப்பாக்கி என ஒவ்வொன்றிலும் விருப்பங்கள் மாறுபடுகின்றன. அவற்றைத் தனித்தனியாக ஒப்பிடுவதைவிட, எந்த நீர்நிலையில் எது பிறந்தது என்று பார்ப்பதே சரியான தொடக்கம் என்று கருதுகிறேன்.

அட்லாண்டிக் பக்கம், மேய்ன் மாநிலத்தில் மெரிமீட்டிங் விரிகுடா இருக்கிறது. கென்னபெக், ஆண்ட்ரோஸ்காகின் உள்ளிட்ட ஆறு ஆறுகள் அங்கே கூடுகின்றன. கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டிருந்தும் அது நன்னீர்ப் பரப்பு. காட்டரிசிப் பயிர் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கும், கருவாத்தும் கிளுவையும் அங்கே இரை தேடும். பசிபிக் பக்கம், கலிபோர்னியாவின் வடகோடியில் ஹம்போல்ட் விரிகுடா இருக்கிறது. அது உப்புநீர், நீருக்கடியில் கடற்புல் வெளி பரந்திருக்கிறது, அதை மேய பிராண்ட் என்னும் சிறிய கடல் வாத்தும் நாமத்தலை வாத்தும் வருகின்றன. முன்னதில் ஒதுங்கப் புல் உண்டு. பின்னதில் திறந்த நீரும் காற்றும் மூடுபனியுமே உண்டு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற தேர்வுகளில் பெரும்பாலானவை கிளைக்கின்றன.

முதலில் மறைப்பைப் பார்க்கலாம். மெரிமீட்டிங் வேட்டைக்காரர் படகின் முன்தளத்தில் காய்ந்த புல்லையும் காட்டரிசித் தாளையும் கூரை வேய்வதுபோல் அடுக்கிக் கட்டுகிறார். கரையோரப் புல்திட்டு ஒன்று பெயர்ந்து மிதந்து வருவதுபோல் தெரிவதால் பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதே புல்லைச் சுமந்து ஹம்போல்டின் நடுநீரில் சென்றால், சுற்றிலும் புல்லே இல்லாத இடத்தில் அதுவே பறவையின் கண்ணை உறுத்தும். ஆகவே அங்கே பளபளப்பற்ற மங்கிய சாம்பல் வண்ணத்தையும், நீர்மட்டத்துக்கு மேல் முடிந்த அளவு குறைவாகத் தெரியும் உடலமைப்பையும் நம்புகிறார்கள். மிதக்கும் மரக்கட்டை என்ற தோற்றமே போதுமானது. இரண்டு இடத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: முன்முனை எப்போதும் பறவையைப் பார்த்தே இருக்க வேண்டும். படகு ஒரு கணம் பக்கவாட்டாகத் திரும்பினாலும் நீண்ட உருவமும் உள்ளே படுத்திருப்பவரின் வெளிறிய முகமும் தெரிந்துவிடும்.

துடுப்பு விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு கூர்மையாக இருக்கிறது, இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் எண்ணமும். நேர்த்துடுப்பைச் செய்வது எளிது, உடைந்தால் மாற்றுவதும் எளிது. ஆனால் படுத்திருப்பவரின் கைக்குப் பிடி தாழ்வாக வர வேண்டும் என்றால், அலகு நீருக்குள் போதிய ஆழத்துக்கு இறங்காமல் போகலாம். பிடியைத் தூக்கினாலோ முழங்கை படகின் விளிம்புக்கு மேலே தெரியும். வளைத்துச் செதுக்கிய துடுப்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பிடி மார்புக்கும் தோளுக்கும் அருகே கிடக்கும்போதே அலகு சரியான கோணத்தில் ஆழத்தில் இருக்கிறது. ஆஷ் மரம் கனமானது, வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. ஸ்ப்ரூஸ் இலகுவானது, ஆனால் துளைக்குள் உரசும் இடத்தில் சீக்கிரம் தேய்கிறது. துடுப்பு துளையை உரசும் இடத்தில் தோல் சுற்றுவது வழக்கம். அந்தத் தோல் காய்ந்திருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் மெல்லிய கிறீச்சொலி கிளம்பும், அமைதியான விடியற்காலை நீரில் அது வெகுதூரம் கேட்கும். கிளம்பும் முன் கொழுப்புத் தடவி ஊறவிட்ட தோல் இருந்தால், மணிக்கட்டின் திருகலைத் தவிர வேறெதுவும் உணரப்படாது. படகுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, தம் உடலளவுக்கேற்ற வளைதுடுப்பைச் செய்துகொள்பவரே என் பார்வையில் விவரமானவர்.

பல படகுகளில் அந்தத் துளை நடுவில் இல்லாமல் சற்று இடப்பக்கம் தள்ளி அமைந்திருக்கும். வலது தோளில் சுடுபவர் இடக்கையால் துடுப்பசைத்து, வலக்கையைத் துப்பாக்கிக்கு விட்டுவைக்க இது உதவுகிறது. சுடுவதற்காக எழுந்து உட்கார்ந்த நிலையில் அவரால் இடப்புறம் எளிதில் திரும்ப முடியும், வலப்புறம் திரும்புவது கடினம். அதனால் கடைசிக் கட்டத்தில் முன்முனையைப் பறவைகளுக்குச் சற்று வலமாக வைத்து நெருங்குவார்.

ஒருவர் படகா, இருவர் படகா என்பதற்குப் பொதுவான விடை இல்லை. ஒருவர் படகு சிறியது, தாழ்ந்து மிதக்கும், புல்லிடுக்கில் நுழையும். மெரிமீட்டிங் போன்ற இடத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் துடுப்பை விட்டுத் துப்பாக்கியை எடுக்கும் அந்த ஒரு நொடியில் படகின் ஓட்டம் அறுபடுகிறது. இருவர் படகில் பின்னால் இருப்பவர் துடுப்பை விடவே வேண்டியதில்லை. முன்னால் இருப்பவர் எழுந்து உட்காரும் வரை படகு நேராகவே செல்லும். ஹம்போல்டில் காற்று திடீரென்று வலுத்தால் கரை திரும்ப இன்னொரு ஜோடிக் கை இருப்பது உயிர்க்காப்பும் ஆகும். குளிர்ந்த உப்புநீரில் தனியே கவிழ்வது விளையாட்டல்ல.

மரமா, ஃபைபர் கிளாஸா என்ற விவாதத்தை நான் நீட்டப் போவதில்லை. மரம் அலையின் அறைதலை விழுங்கிக்கொள்கிறது, ஃபைபர் கிளாஸ் அதை எதிரொலிக்கிறது. பராமரிப்பில் நிலைமை நேர்மாறு. உள்தளத்தில் தடித்த விரிப்பு போட்டால் இரண்டும் ஏறத்தாழ சமம்.

நெருங்கும் திசையில் இருவேறு வழக்கங்கள் உள்ளன. சூரியனை முதுகுக்குப் பின் வைத்து, பறவையின் கண் கூசும்படி வருவது ஒன்று. காற்றை முதுகுக்குப் பின் வைத்து வருவது மற்றொன்று. வாத்துகள் காற்றை எதிர்த்தே எழும்பும் என்பதால், காற்றோடு வரும் படகை நோக்கியே அவை எழ நேரிடுகிறது. இரண்டும் ஒத்துவராத நாளில் காற்றையே பெரும்பாலானோர் தேர்கிறார்கள், அதுவே நியாயமாகப் படுகிறது. எதிர்காற்றில் முன்முனையில் மோதும் சிற்றலையின் சத்தமும் இதனால் குறைகிறது.

கூட்டத்தைத் தேடிப் போவதற்கு மாற்றாக, பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, காற்று வரும் பக்கம் சில நூறு கெஜம் தள்ளி நங்கூரமிட்டுக் காத்திருந்து, பறவைகள் இறங்கிய பின் அவற்றின்மேல் நகர்ந்து வருவதும் உண்டு. சங்கப் பாடல்களில் 'பார்வை' என்ற பெயரில் வரும் உயிருள்ள ஈர்ப்பு விலங்கைப் போல, உயிருள்ள வாத்துகளையே கட்டிவைக்கும் பழக்கம் அங்கும் இருந்தது. 1935-இல் அமெரிக்கச் சட்டம் அதைத் தடைசெய்தது. படகில் மோட்டார் இருந்தால், அதை முழுவதும் நிறுத்தி, அதன் உந்துதலால் வந்த ஓட்டமும் அடங்கிய பின்பே சுடலாம் என்பதும் சட்டம். துடுப்பின் மதிப்பு இன்றும் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கே துப்பாக்கிக் குழலின் பருமனை 'போர்' என்ற எண்ணால் குறிக்கிறார்கள்; எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 10 போரைவிடப் பெரிய குழலுக்கு அனுமதி இல்லை, மூன்று தோட்டாக்களுக்கு மேல் நிரப்பவும் கூடாது. பிரிட்டனில் 1.75 அங்குலக் குழல் வரை, படகிலேயே பொருத்திச் சுடும் படகுத் துப்பாக்கி இன்னும் சட்டப்படி செல்லும்; அமெரிக்க முறையோ தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கியை மட்டுமே நம்புகிறது. 10 போரின் கனமும் உதைப்பும் குறுகிய படகில் தொல்லை தருவதால் 12 போரே மேல். 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை அமெரிக்கா முழுவதும் தடைசெய்யப்பட்டது. எஃகு ரவை ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, சீக்கிரம் வேகம் இழக்கிறது. ஆகவே 50 கெஜத்தில் முயன்று பார்ப்பதைவிட, 30 கெஜம் வரை பொறுமையாக நகர்வதே பறவையைக் காயத்தோடு தப்பவிடாமல் இருக்க வழி.

நீரில் அமர்ந்திருக்கையிலேயே சுடுவதா, எழும்பவிட்டுச் சுடுவதா என்பதே கடைசித் தேர்வு. நெருக்கமாகக் கூடியிருக்கும் கூட்டத்தில் சுட்டால் ஒரே வெடிக்குப் பல பறவைகள் விழலாம், பல காயப்படலாம். நாளொன்றுக்கு அட்லாண்டிக் பகுதியில் 6, பசிபிக் பகுதியில் 7 வாத்துகள் என்ற வரம்பும் அறியாமலே மீறப்படலாம். எழுந்து உட்கார்ந்து, கூட்டம் கிளம்பியதும் தனித்த ஒரு பறவையைக் குறிவைப்பவர்களின் பக்கமே நான். விழுந்த பறவையை எடுக்க நாயை ஏற்றிச் செல்ல இந்தப் படகில் இடமில்லை; பக்கவாட்டுத் துடுப்புகள் இரண்டை உள்ளே வைத்திருந்து, சுட்ட உடனே அவற்றை மாட்டி விரைந்து வலித்துச் சென்று கையால்தான் எடுக்க வேண்டும்.