பண்டிகைக் கதை கார்டு பாக்ஸ்: ஒரு வாரமா கைலயே வச்சிருக்கேன்

ஃப்ரெண்டு ஒருத்தி பிறந்தநாளுக்கு குடுத்த கார்டு செட் இது. முன்பக்கம் ஒரு பண்டிகையோட படம், பின்பக்கம் அது எப்படி ஆரம்பிச்சது, இப்ப யாரும் செய்யாத பழைய வழக்கம் என்னன்னு எழுதியிருக்கு. தூங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கார்டு பாக்கலாம்னு பிரிச்சேன், முடிக்கும்போது மணி ஒண்ணு.

ஹாலோவீன்னா பூசணிக்காய் இருக்கும்னு திருப்பினா, சுருங்கிப்போன ஒரு டர்னிப் கிழங்கு பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. அயர்லாந்துல அதத்தான் குடைஞ்சு உள்ள விளக்கு வச்சிருக்காங்க, அமெரிக்காவுக்கு குடிபோனவங்கதான் அங்க தாராளமா கெடச்ச பூசணிக்கு மாறினது. கிறிஸ்துமஸ் கார்டுல, மாசசூசெட்ஸ்ல 1659ல இருந்து 1681 வரைக்கும் அத கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம்னு இருக்கு, சட்டம் போட்டவங்க வேற மதத்துக்காரங்க இல்ல, பைபிள்ல இந்தத் தேதியே கெடையாதுன்னு சொன்ன ப்யூரிட்டன் கிறிஸ்தவங்களேதான். இன்னொரு கார்டுல ஸ்நாப்டிராகன்னு ஒரு விளையாட்டு, அகலமான பாத்திரத்துல பிராந்தி ஊத்தி கொளுத்தி, விளக்க அணைச்சுட்டு, அந்த நீல நெருப்புக்குள்ள கைய விட்டு உலர்திராட்சைய எடுத்து அப்படியே வாயில போட்டுக்கணும்.

ஆனா இந்த பாக்ஸ வாங்கறதுன்னா அன்னையர் தின கார்டுக்காகவே வாங்கலாம். அன்னா ஜார்விஸ்னு ஒரு அமெரிக்கப் பொண்ணு, 1905ல அம்மா போனப்புறம், அவங்க நினைவா 1908ல கிராஃப்டன் ஊர் சர்ச்சுல பிரார்த்தனைக்கு ஏற்பாடு பண்ணி அம்மாவுக்குப் பிடிச்ச வெள்ளை கார்னேஷன் பூ 500 அனுப்பி வச்சாங்க. 1914ல ஜனாதிபதி வில்சன் அறிவிக்கற அளவுக்குப் போச்சு. அப்புறம் பூக்கடைக்காரங்களும் வாழ்த்து அட்டைக்காரங்களும் அத வியாபாரமாக்கினதப் பாத்து, தான் ஆரம்பிச்ச நாளையே ஒழிக்கணும்னு மிச்ச காலமெல்லாம் போராடி, 1948ல ஒரு சானடோரியத்துல கண்ண மூடிட்டாங்க. அந்த நாளுக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சப்ப "அம்மா"ங்கறது ஒருமைலதான் இருக்கணும்னு பிடிவாதமா இருந்தாங்களாம், ஊர்ல உள்ள அம்மாக்களுக்கெல்லாம் இல்ல, அவங்கவங்க தன்னோட ஒரே அம்மாவ நெனைக்கற நாள்னு. நாம "அன்னையர்"னு பன்மைல சொல்றோமேன்னு அப்பத்தான் ஒறைச்சுது. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லாம கார்டையே திருப்பித் திருப்பி பாத்துட்டு இருந்தாங்க.

குறைன்னா, மஞ்சள் மேல சாம்பல் கலர்ல பொடி எழுத்து, ராத்திரி வெளிச்சத்துல கண்ணு வலிக்குது. ஏப்ரல் ஃபூல் கார்டுதான் உண்மையாவே கோவம் வந்துச்சு, காலண்டர் மாத்தினதாலதான் வந்துச்சுன்னு அடிச்சு எழுதியிருக்காங்க, அது நிரூபிக்கப்படாத கதை, "ஒரு கதை உண்டு"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கணும்.

பத்து வயசுக்கு மேல பசங்க இருந்தா தைரியமா வாங்கிக் குடுங்க. ஸ்நாப்டிராகன் கார்டு மட்டும் பெரியவங்க பக்கத்துல இருந்து படிச்சுக் காட்டுங்க, செஞ்சு பாக்கணும்னு கெளம்பிடுவாங்க.