கனடா 'விசா' எடுத்துத் தாறம் என்று ஆளுக்கு 110 யூரோ கேட்டால் கொடுக்காதீர்கள்

ஜேர்மன், பிரெஞ்சு, டச்சு, டெனிஷ் என்று ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் கடவுச்சீட்டு வைத்திருக்கிற எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். சுற்றிப்பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ கனடா போக உங்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போகிறவர்களுக்கு ஈ.ரி.ஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அதன் கட்டணம் 7 கனேடிய டொலர், அதாவது ஐந்து யூரோவுக்கும் குறைவு. கனடா அரசின் தளத்தில் நீங்களே நிரப்பலாம். ஒருமுறை கிடைத்தால் ஐந்து வருடத்துக்கு, அல்லது அந்தக் கடவுச்சீட்டு முடியும் வரைக்கும் செல்லும்.

இந்த அனுமதிக்குத்தான் எங்கள் நகரத்துப் பயண முகவர் கடை ஒன்று 'விசாக் காசு' என்று சொல்லி ஆளுக்கு 110 யூரோ வாங்கியது. காசு போனது ஒரு பக்கம். அவர்கள் செய்த வேலையால் என் அம்மா பிராங்பேர்ட் விமான நிலையத்தில் விமானத்தில் ஏற முடியாமல் நின்றார். கடையின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். ஆனால் இந்த மாதிரிக் கடை ஒன்றல்ல, ஒரு நகரத்தில் மட்டும் இருப்பதும் அல்ல. அதனால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் மகனுக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கலியாணம். டிக்கெட் போட அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். டிக்கெட் விலை பேசி முடிந்ததும் கடைக்கார அண்ணை மெதுவாகத் தொடங்கினார். "தங்கச்சி, கனடாக்காரன் இப்ப நல்லா இறுக்கிப்போட்டான். ஜேர்மன் பாஸ்போட் எண்டாலும் விசா வேணும். நீங்களா நிரப்பிப் பிழைச்சுதெண்டா பிறகு ஆயுசுக்கும் விடமாட்டான்." ஜேர்மன்காரருக்கு விசா இல்லையென்றுதானே கேள்விப்பட்டேன் என்று கேட்டேன். "அது முந்தி. இப்ப வேற. எங்களுக்கு உள்ளுக்கு ஆள் இருக்கு, ரண்டு நாளில எடுத்துத் தருவம்" என்றார்.

முந்தி என்று அவர் சொன்னது முழுப் பொய். ஈ.ரி.ஏ 2016இல் தொடங்கியது, அன்றையிலிருந்து நடைமுறை இதுதான். 'உள்ளுக்கு ஆள்' என்பதும் பொய். அந்தப் படிவத்தைப் பெரும்பாலும் கணினிதான் சரிபார்க்கிறது, அனேகமானவர்களுக்குச் சில நிமிடங்களில் மின்னஞ்சலில் பதில் வந்துவிடும். சிலருக்கு மட்டும் மேலதிக ஆவணம் கேட்பார்கள், அப்போது நாட்கணக்கில் இழுபடலாம்.

நான் இன்னும் கேட்டிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து, "குடு பிள்ளை, விசா விசயத்தில விளையாடாத" என்றார்.

அந்தப் பயத்தைத்தான் இவர்கள் விற்கிறார்கள். அப்பா 1985இல் கிழக்கு பேர்லினில் இறங்கி, எஸ்-பான் என்ற நகர ரயிலில் ஏறி மேற்குக்கு வந்தவர். அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ பேருக்கு அதுதான் வழி, பிறகு கிழக்கு ஜேர்மனி அதை அடைத்துவிட்டது. பிறகு அகதி முகாம். நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் டுல்டுங் என்ற அந்தத் துண்டுக் கடதாசி. அனுமதி இல்லாமல் மாவட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு. அதன்பின் அகதிகளுக்கான நீலப் பயண ஆவணம். அதை நீட்டினால் ஒவ்வொரு எல்லையிலும் சந்தேகப் பார்வை. ஒரு செத்தவீட்டுக்கு லண்டன் போக விசா கேட்டு அப்பா தூதரக வாசலில் நின்றதை அம்மா இன்னும் மறக்கவில்லை. அப்படி வாழ்ந்தவர்களுக்குச் சிவப்பு ஜேர்மன் கடவுச்சீட்டு கையில் வந்த பிறகும், ஓர் எல்லையைத் தாண்ட யாரோ ஒருவருக்குக் காசு கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் போகாது. எங்கட சனத்தின் இந்தக் காயம் எங்கட கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு அதிலேயே காசு பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பயண நாள் பிராங்பேர்ட் கவுன்ரரில் எங்கள் எல்லாருக்கும் ஏறும் அட்டை வந்தது, அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. அந்தப் பெண் மூன்று தரம் கடவுச்சீட்டை வைத்துப் பார்த்தார். கனடாவிலிருந்து 'அனுமதி இல்லை' என்று வருகிறது, எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விமான நிறுவனத்தின் கணினி கனடாவின் கணினியிடம் கேட்கிறது, ஏற்றலாமா கூடாதா என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. கவுன்ரரில் நிற்பவர் அதை மாற்ற முடியாது.

கடை கொடுத்த தாளை நீட்டினேன். அது கனடா அனுப்பிய கடிதமல்ல, கடை தன் தலைப்பில் அடித்துத் தந்த தாள். மேலே மேப்பிள் இலை, கீழே 'விசா உறுதி'. அதில் அம்மாவின் கடவுச்சீட்டு இலக்கத்தை அந்தப் பெண்தான் விரலால் தொட்டுக் காட்டினார். பூச்சியம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்து.

ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ஜேர்மன் கடவுச்சீட்டின் இலக்கத்தில் 'ஓ' என்ற எழுத்து வரவே வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஆங்கில உயிரெழுத்துகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வட்டமாக ஒன்று தெரிந்தால் அது எப்போதும் பூச்சியம்தான். தினமும் ஜேர்மன் கடவுச்சீட்டைக் கையில் வாங்கிக் காசு வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஈ.ரி.ஏ கடவுச்சீட்டு இலக்கத்தோடு மின்னணு முறையில் கட்டப்பட்டது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த அனுமதி இன்னொரு கடவுச்சீட்டுக்குரியதாகிவிடும், அப்படியொரு கடவுச்சீட்டு உலகத்திலேயே இல்லையென்றாலும்.

கடைக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. மகள் அங்கேயே நின்று கைத்தொலைபேசியில் கனடா அரசின் தளத்தைத் திறந்து, அம்மாவின் விவரத்தை நிரப்பி, 7 டொலரைக் கட்டினாள். படிவம் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பதில் வருவதற்கு முன் கவுன்ரர் மூடிவிட்டது. கணவரையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு நான் அம்மாவோடு நின்றேன். அன்று இரவுதான் அனுமதி வந்தது.

பொன்னுருக்குச் சடங்கு அடுத்த நாள் காலை. அது மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. எங்கள் குடும்பத்தில் அப்பா இல்லாததால், தாலிக்குப் பொன் உருக்கும்போது அம்மாவை இருத்தி ஆசீர்வாதம் வாங்கவேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டிருந்தான். நல்ல நேரத்தைத் தள்ளிவைக்க முடியாது. அம்மா அதைக் காணொளி அழைப்பில் பார்த்தார். நாங்கள் ரொறன்ரோவில் இறங்கியது அன்று பின்னேரம். தாலிகட்டுக்கு இருந்தோம், அதற்குக் கடவுளுக்கு நன்றி. புது டிக்கெட் இரண்டும் முதலில் போட்டதைவிடக் கூட. பயண ஆவணம் சரியாக இருப்பது பயணியின் பொறுப்பு என்று விமான நிறுவனம் சொல்லிவிட்டது.

திரும்பி வந்து கடைக்குப் போனபோது, "கொம்பியூட்டர் பிழை அக்கா" என்றார். தங்கச்சி அக்காவாகிவிட்டேன். 110 யூரோவில் 7 டொலர் போக மிச்சம் எதற்கு என்று கேட்டேன். 'சேவைக் கட்டணம்' என்றார். பற்றுச்சீட்டில் 'விசா' என்றுதான் இருந்தது. சேவைக்குக் காசு வாங்குவது குற்றமென்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்பத் தெரியாத வயதானவருக்கு உதவிசெய்து பத்து யூரோ வாங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. இல்லாத விசாவை இருக்கிறதென்று சொல்லி, அரசாங்கக் கட்டணம் மாதிரிக் காட்டி வாங்குவது வேறு விசயம். அதோடு விண்ணப்பத்தில் எங்கள் மின்னஞ்சலைக் கொடுக்காமல் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். கனடா ஏதாவது ஆவணம் கேட்டிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கடவுச்சீட்டுப் படங்கள் இன்னும் அவருடைய தொலைபேசியில் கிடக்கின்றன. அழித்துவிட்டேன் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், தரவில்லை.

நுகர்வோர் ஆலோசனை மையத்தில், அதுதான் ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலேயில், இதைச் சொன்னபோது அவர்களுக்குப் புதினமாகவே இருக்கவில்லை. இணையத்தில் இதே வேலையைச் செய்யும் தளங்களைப் பற்றி அவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். கூகிளில் தேடினால் விளம்பரமாக முதலில் வருவது பெரும்பாலும் அந்தத் தளங்கள்தான். கொடி இருக்கும், அரசாங்கச் சின்னம் மாதிரி ஒன்று இருக்கும், 'நாங்கள் அரசுத் தளம் அல்ல' என்ற வரி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கனடாவின் உண்மையான பக்கம் 'கனடா டொட் சிஏ' என்ற முகவரியில் தொடங்கும், படிவம் 'ஜிசி டொட் சிஏ' என்று முடியும் தளத்தில் திறக்கும். ஒரு படிவத்தில் ஒருவருக்குத்தான் நிரப்பலாம். குடும்பத்துக்கு மொத்தமாக என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அனுமதி மின்னஞ்சல் வந்ததும் அதிலுள்ள கடவுச்சீட்டு இலக்கத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் ஈ.ரி.ஏயும் புதிதாக எடுக்கவேண்டும்.

லண்டன் போகிறவர்களையும் இப்போது இதே மாதிரி வெருட்டுகிறார்கள். பிரித்தானியா 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியரிடம் இ.ரி.ஏ என்ற தன் மின்னணுப் பயண அனுமதியைக் கேட்கிறது என்பது உண்மை. முதலில் 10 பவுண், அதே மாதம் 9ஆம் திகதி 16 பவுணாகக் கூட்டினார்கள். எவ்வளவென்று கட்டும் நாளில் 'கவ் டொட் யுகே'யில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் செல்லும், ஒரு தடவையில் ஆறு மாதம் வரை நிற்கலாம். ஐரிஷ் கடவுச்சீட்டுக்கு அதுவும் தேவையில்லை. 2021 ஒக்டோபரிலிருந்து தேசிய அடையாள அட்டையோடு லண்டன் போக முடியாது, கடவுச்சீட்டுக் கட்டாயம். இதைத் தெரியாமல் அட்டையோடு பஸ் ஏறப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு எஸ்ரா என்ற இதே மாதிரி அனுமதி, 2025 செப்டெம்பர் 30இல் 21 டொலரிலிருந்து 40 டொலரானது. அந்தத் தளத்தின் முகவரி 'டொட் கவ்' என்று முடியும். 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போனவர்களுக்கும், 2011 மார்ச்சுக்குப் பிறகு ஈரான், ஈராக், சிரியா போன்ற நாடுகளுக்குப் போனவர்களுக்கும் எஸ்ரா கிடைக்காது, அவர்கள் விசாவே எடுக்கவேண்டும். கியூபாக் கடற்கரைக்கு விடுமுறை போய்வந்த இளம்பிள்ளைகள் எங்களுக்குள் கனபேர் இருக்கிறார்கள்.

எந்தக் கடவுச்சீட்டோடு எத்தனை நாட்டுக்குப் போகலாம் என்று கணக்கிடும் ஹென்லி பட்டியலில் ஜேர்மன் கடவுச்சீட்டுக்கு 190ஐ ஒட்டிய நாடுகளுக்கு முன்கூட்டி விசா எடுக்காமல் போகலாம் என்று வருவதை எல்லாரும் பெருமையாகப் பகிர்வார்கள். அந்தக் கணக்கில் இப்படி மின்னணு அனுமதி கேட்கும் நாடுகளும், இறங்கியதும் விசா தரும் நாடுகளும் சேர்ந்தே இருக்கின்றன. 'விசா இல்லை' என்று ஒருவரும் 'ஏதோ எடுக்கவேணும்' என்று இன்னொருவரும் சொல்லும்போது வரும் குழப்பம் இதனால்தான். கடைக்காரர் நுழைவதும் அந்தச் சந்துக்குள்தான்.

இந்தச் சலுகை கடவுச்சீட்டுக்குத்தான், ஜேர்மனியில் வாழ்வதற்கல்ல. நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும், கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் விசா வேண்டும். நீல அகதி ஆவணம் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். கணவருக்கு ஜேர்மன், மனைவிக்கு இலங்கைக் கடவுச்சீட்டு என்று இருக்கிற குடும்பத்துக்கு 'எல்லாருக்கும் ஒரே விலையில் எடுத்துத் தாறம்' என்று ஒருவர் சொன்னால், அவர் மனைவியின் பயணத்தை நாசமாக்கப் போகிறார்.

இதை இந்தக் கிழமையே எழுத ஒரு காரணம் உண்டு. அதே கடை இப்போது 'எற்றியாஸ்' என்று, ஐரோப்பாவுக்கு வருகிறவர்களுக்கான புதிய பயண அனுமதி ஒன்றுக்குப் பெயர் பதிகிறது. தம்பி குடும்பம் கோடைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு, ஆளுக்கு 60 யூரோ கட்டி இடம்பிடித்து வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். அது ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டுக்காரருக்குத் தேவையே இல்லாதது. கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு எங்களிடம் வருகிறவர்களுக்கானது. 2026இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்றுதான் ஒன்றியம் அறிவித்திருக்கிறது. அறிவித்த கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 70 வயதைத் தாண்டியவர்களும் காசே கட்டத் தேவையில்லை. தொடங்காத ஒன்றுக்கு முன்பதிவு என்று எதுவும் கிடையாது.

அந்தக் கடைக்காரருக்கு யாராவது காசு கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். அட்டையால் கட்டியிருந்தால் உங்கள் வங்கியிடம் காசைத் திருப்பிக் கேட்கலாம், பிந்த வேண்டாம். எனக்கு எழுதினால் முறைப்பாட்டு இலக்கத்தைத் தருகிறேன், உங்களுடையதையும் அதோடு சேர்க்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், படிவம் நிரப்ப அவர்களுக்குப் பக்கத்தில் பேரப்பிள்ளை ஒருவரை இருத்திவிடுங்கள்.