எவெனியா: பலர் கூடி ஓர் உலகத்தை எழுத

நண்பர்கள் சிலர் சேர்ந்து, தமிழிலேயே ஆடக்கூடிய எழுத்துவழி விளையாட்டு ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறோம். படம் கிடையாது. கட்டளையைத் தட்டினால் பதில் எழுத்தாக வரும். ஒரே நேரத்தில் பலர் உள்ளே இருக்கலாம், பேசலாம், சண்டை போடலாம், சேர்ந்து பயணம் போகலாம். உலகத்தை ஆளுக்கு ஒரு திணையாகப் பிரித்துக்கொண்டோம். எனக்கு நெய்தல். இதற்கெல்லாம் அடியில் இருக்கும் மென்பொருள் எவெனியா. தமிழில் இப்படி ஓர் உலகம் கட்ட நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த வகை விளையாட்டு பழையது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதத் தொடங்கிய 'மட்' என்ற விளையாட்டின் பெயரே பிறகு மொத்த வகைக்கும் பெயராகிவிட்டது. 1989இல் வந்த டைனிமட், ஆடுபவர்களையே இடங்களைக் கட்டிக்கொள்ள விட்டது. அதே வருடம் லார்ஸ் பென்ஷோ உருவாக்கிய எல்பிமட்டில், ஆடி மேலே வந்தவர்கள் 'விசார்ட்' ஆகி, நிரல் எழுதிப் புதுப் பகுதிகளைச் சேர்த்தார்கள். எவெனியாவும் இந்த வழியில் வந்ததுதான். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, பிஎஸ்டி என்ற திறந்த உரிமம், காசு கொடுக்க வேண்டியதில்லை. உலாவியிலிருந்தே ஆடலாம் என்பதால் புதியவர்களைக் கூப்பிடுவது சுலபம்.

பலர் சேர்ந்து எழுதுவதற்கு இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பேட்ச் (batch) கோப்பு. எங்களில் பாதிப் பேருக்கு நிரல் தெரியாது. அவர்கள் சாதாரண உரைக் கோப்பில், இந்த இடத்தைத் தோண்டு, அதற்கு இந்த வர்ணனை, கிழக்கே போனால் இன்ன இடம் என்று வரிசையாகக் கட்டளைகளை எழுதித் தந்தால் போதும். நிர்வாகி அதை ஓட்டினால் பகுதி எழுந்துவிடும். ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தியும் ஓட்டிப் பார்க்கலாம். முடியாத பகுதியின் வாசலுக்குப் பூட்டுப் போட்டு, கட்டுபவர்கள் மட்டும் நுழையும்படி வைக்கலாம். நிரலை மாற்றிவிட்டு ரீலோட் கொடுத்தால், உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்களின் இணைப்பு அறுவதில்லை. இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் போர்ட்டலும் உலகத்தை ஓட்டும் சர்வரும் தனித்தனிச் செயல்முறைகள் என்பதுதான் காரணம்.

அடுத்தது, எக்ஸ்டெண்டட் ரூம் என்ற கூடுதல் தொகுப்பு. ஒரே இடத்துக்குப் பருவத்துக்கு ஒன்று, பொழுதுக்கு ஒன்று என வேறுவேறு வர்ணனை எழுத இது வழி செய்கிறது. வரும்போது வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நான்கு பருவம்தான் இருக்கும். அதை நாங்கள் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாக்கினோம். பொழுதையும் அப்படியே ஆறாக்கினோம். காலம் ஓடும் வேகத்தை 12 மடங்காக வைத்திருக்கிறோம். நிஜத்தில் ஒரு மாதம் போனால் அங்கே ஒரு வருடம், ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு பருவம், இருபது நிமிடத்துக்கு ஒரு சிறுபொழுது. எற்பாட்டில், அதாவது பிற்பகலில், என் உப்பளத்துக்கு வருபவர் பாத்திகளில் வெயில் சாய்வதைப் படிப்பார். கொஞ்சம் தாமதித்து மாலையில் வருபவருக்கு வண்டிகள் கிளம்பும் சத்தம். கார் காலத்தில் உப்பளமே கிடையாது, தண்ணீர்தான். அப்போது அங்கே உப்பு அள்ளவும் முடியாது. முல்லையிலிருந்து உப்புக்கு வருபவர்கள் அதற்கு முன்பே வந்து வாங்கி வைக்க வேண்டும். இதை யாரும் விதியாக அறிவிக்கவில்லை. வர்ணனையைப் படித்தவர்கள் தாங்களே கண்டுபிடித்துப் பண்டமாற்று தொடங்கினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சரி, தமிழ் எவ்வளவு தூரம் ஒத்துழைக்கிறது? வர்ணனைக்குத் தடையே இல்லை, யூனிகோட் அப்படியே ஓடுகிறது. கட்டளைதான் வேலை வாங்கும். எவெனியா வினை முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறது. நம் ஆட்கள் இயல்பாகத் தட்டுவது 'கிணற்றைப் பார்' என்றுதான். பொருளின் பெயர் 'கிணறு' என்று இருக்க, 'கிணற்றைப்' என்பது அதோடு பொருந்தாது. கட்டளையைப் பிரித்தறியும் பகுதியை நாமே எழுதி மாற்றிக்கொள்ள அமைப்புகளில் இடம் இருப்பதால் பிழைத்தோம். எங்கள் பிரிப்பான் கடைசிச் சொல்லை வினையாக எடுக்கும். மற்றதில் ஒட்டிய வல்லெழுத்தைக் கழற்றும். பிறகு மூன்று விதிகள்: 'த்தை' என்றால் 'ம்', 'ட்டை' என்றால் 'டு', 'ற்றை' என்றால் 'று'. மரத்தை, வீட்டை, ஆற்றை எல்லாம் சரியாகிவிடும். எதிலும் அடங்காதவற்றுக்கு ஐயை, அதற்கு முன் இடையில் வந்த ய், வ் இருந்தால் அதையும் சேர்த்து, நீக்கினால் பெரும்பாலும் போதும். ஆனால் பானை, சட்டை போன்றவை பெயரிலேயே ஐ உள்ளவை. ஆகவே முதலில் சொல்லை உள்ளபடியே தேடிவிட்டு, கிடைக்காவிட்டால் மட்டுமே வெட்ட வேண்டும்.

இன்னொன்று, ஒருவர் செய்வதை மற்றவர்களுக்குக் காட்டும் வரிகள். உள்ளே இருக்கும் உதவிச் செயல்கள் ஆங்கில வினைக்கு எழுதப்பட்டவை. நாங்கள் மனிதர் எல்லாருக்கும் 'வந்தார், எடுத்தார்', மற்றவற்றுக்கு 'வந்தது' என்று முடிவு செய்து தனியாக எழுதிக்கொண்டோம். கட்டம் போட்ட பட்டியல்களில் மட்டும் கோடுகள் இன்னும் நேராக நிற்பதில்லை. தமிழ் எழுத்துகளின் அகலம் சீராக இல்லை. எனவே பட்டியல்களை வாக்கியமாகவே காட்டுகிறோம். படிக்கவும் அதுவே நன்றாக இருக்கிறது.

கருவியைத் தாண்டி, எழுதுபவர்களுக்கு ஒன்று. வர்ணனையில் ஒரு பொருளைச் சொன்னால், அதைப் பார்க்க ஒருவர் வருவார். 'கரையில் உடைந்த படகு ஒன்று கிடக்கிறது' என்று எழுதிவிட்டு, படகைப் பார்க்கப் போனவருக்கு 'அப்படி எதுவும் இல்லை' என்று பதில் வந்தால் உலகம் அங்கேயே பொய்யாகிவிடும். அதனால் எங்களிடம், சொன்ன பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரம் எழுதாத அறையைச் சேர்ப்பதில்லை. படகுக்கு எழுதினேன்: 'அணியத்தில் பாதிப் பெயர் மிச்சம். கீழ்ப்பலகையில் சிப்பி அடை.' உடனே அணியத்தையும் (படகின் முன்பகுதி) சிப்பியையும் பார்க்க ஆள் வந்தார்கள். அவற்றுக்கும் எழுதினேன். இதில் சலிக்காதவர்தான் நல்ல உலகம் கட்டுவார் என்பது என் உறுதியான கருத்து. அழகான நீண்ட பத்தி எழுதுபவரைவிட, நாலே வரி எழுதி நாலையும் தொட்டுப் பார்க்க விடுபவரின் பகுதிக்குத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

அப்புறம் எல்லைகள். மருதத்தில் ஓடும் ஆறுதான் என் கழிமுகத்துக்கு வருகிறது. அங்கே கூதிரில் வெள்ளம் என்று எழுதியிருந்தால், இங்கே அதே பருவத்தில் கலங்கல் நீர் வந்தே ஆக வேண்டும். ஆகவே எல்லை அறைகளை மட்டும் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறோம். ஆயுத வலிமை, காசின் மதிப்பு இரண்டும் பொது. அவற்றைத் தனியாள் மாற்ற முடியாது.

தொடங்குபவர்கள் எழுத்துரிமையை முதல் நாளே பேசிவிடுங்கள். எங்களிடம் எழுதியவை அனைத்தும் பெயர் குறிப்பிட்டுப் பகிரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர் விலகினாலும் பகுதி உலகத்தில் நிற்கும், அவர் பெயரும் நிற்கும். வேறு ஏற்பாடு செய்யாதவரை மொத்த உலகமும் எஸ்க்யூலைட் என்ற ஒரே தரவுத்தளக் கோப்பில்தான் இருக்கும். அதைத் தினமும் நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். எங்களில் பாலையை எடுத்தவர் கடைசியாகத் தொடங்கினார். அவருடைய முதல் கோப்பை இந்த வாரம்தான் ஓட்டப் போகிறோம்.