மாதம் 10 டொலர் கேட்கும் மக் எழுத்துச் செயலி: தமிழில் வேலை செய்கிறவர்கள் வாங்க வேண்டாம்

அப்பிளின் மக் கணினி பாவிக்கிறவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அந்த எழுத்துச் செயலியை இலவசச் சோதனைக்காலத்தில் எங்கள் கடை வேலைக்குப் போட்டுப் பார்த்தேன். பெயர் தேவையில்லை, இந்த வகையில் வருகிற பலதும் இதே மாதிரித்தான். கடை கிளிநொச்சியில், ஏ9 வீதியில். கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்), கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர் என்று முழுக்கத் தமிழ் வேலை.

பக்கம் வடிவாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆங்கிலம் அடிக்கும்வரை வடிவு. அவர்கள் பெருமையாகச் சொல்லும் எழுத்துருவில் தமிழே இல்லாததால், தமிழ் வரும் இடமெல்லாம் மக்கில் ஏற்கெனவே இருக்கிற வேறு எழுத்துரு வந்து உட்காருகிறது, அதற்கு உயரம் கூட வேண்டும் என்பதால் ஆங்கிலமும் தமிழும் கலந்த பந்தியில் வரிகளுக்கு நடுவே இடைவெளி கண்டபடி மாறுகிறது. பிடிஎஃப் ஆக்கிவிட்டுத் தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படுவதில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். இங்கே பென்டிரைவில் வருகிற கோப்புகளில் நிறைய இன்னமும் பாமினிதான். அது உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்து, மேலே அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இந்தச் செயலியோ உரையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவைக் கழற்றிவிடுகிறது. 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கக் கொடுத்த அமரரின் வாழ்க்கைக் குறிப்பு, வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நின்றது. அதே கோப்பை மக்கோடு சும்மா வரும் டெக்ஸ்ட் எடிட்டில் திறந்தேன். கணினியில் பாமினி இருந்ததால் அப்படியே தமிழாக வந்தது.

இனி விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 வரை போனது. செயலி நிறுவனம் ஒரு சதமும் கூட்டாவிட்டாலும், 10 டொலர் சந்தா இங்கே 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவானது, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அதே மாதங்களில். ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவருக்கு அந்த அடி விழவில்லை. 2016இல் அப்பிள் எல்லா வகைச் செயலிக்கும் சந்தா முறையைத் திறந்துவிட்டு, ஓராண்டு தாண்டிய சந்தாக்களில் தான் எடுத்துக்கொள்ளும் பங்கை 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தது. அப்புறம் குறிப்பெழுதுகிற சின்னச் செயலிக்குக்கூட மாதவாடகை.

இதைப் புகழ்கிற காணொளிகள்தான் இன்னும் மோசம். ஐகன் அழகு, அசைவு அழகு, மேசை அழகு என்று நீளமாகக் கதைக்கிறார்கள், கீழே தள்ளுபடி இணைப்பு இருக்கிறது, இந்தக் காசுக்கு இது என்ன வேலையைக் கூடுதலாகச் செய்கிறது என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. விலை கூடினால் தரமும் கூடும் என்று மக் ஆட்களிடம் ஊறிப்போன நம்பிக்கைதான் இப்படிப்பட்டவர்களை வாழ வைக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள், கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய மக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வாங்கினால்தான் ஒழுங்காக வேலை செய்யலாம் என்று நம்பி வந்து கேட்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை.

தம்பிமார், தங்கச்சிமார், காசு தேவையே இல்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் மக்கிலேயே இருக்கின்றன. எழுதுவதற்கு அப்பிளின் பேஜஸ், அது 2017இலிருந்து எல்லாருக்கும் இலவசம். பிடிஎஃப் சேர்க்க, கையெழுத்துப் போட, மக்கோடு வரும் பிரிவியூ. ஜன்னல்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுவதற்கு ரெக்டாங்கிள் என்ற செயலி சும்மா கிடைக்கிறது, 2024இல் வந்த செக்கோயா என்ற மக் இயங்குதளத்தில் அந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது. பெரிய ஆவணத்துக்கு லிப்ரே ஆபிஸ். நல்ல செயலிக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, எழுதியவரின் உழைப்புக்கு ஒருமுறை விலை வைத்தால் சந்தோசமாகக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே சோதனைக்காலத்தில் போட்டிருந்தால், முதலில் எழுதியதை எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோரில் வாங்கியிருந்தால் உங்கள் அப்பிள் கணக்கின் சந்தாப் பக்கத்துக்குப் போய், காலம் முடிய 24 மணித்தியாலத்துக்கு முன்பாகவே நிறுத்த வேண்டும்.