மரம் ஏற்றப் போட்ட தண்டவாளமும் அதை நம்பிப் பிறந்த ஊரும்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைக்குள் இருக்கும் காஸ் கிராமத்துக்கு, அங்கே ஓடும் பழைய நீராவி ரயிலில் ஏற, அப்பாவை அழைத்துப் போனேன். முப்பது வருஷம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். நான் டிக்கெட்டோடு வருவதற்குள், அவர் பெட்டியில் ஏறாமல் எஞ்சினின் வலது பக்கம் போய் நின்றுவிட்டார்.

அது ஷே எஞ்சின். வழக்கமான நீராவி எஞ்சினில் சிலிண்டர் படுத்த மாதிரி இருக்கும். இதில் மூன்று சிலிண்டர்கள் வலது பக்கமாக நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவை சுழற்றும் நீளத் தண்டு, பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுபோகிறது. "பாரும்மா, ஒரு சக்கரம்கூட சும்மா உருளல. அத்தனையும் வேலை செய்யுது" என்றார் அப்பா. மரம் வெட்டும் காட்டுக்குள் அவசரமாகப் போட்ட செங்குத்தான தடத்தில் வேறு எஞ்சின் வழுக்கியிருக்கும். இங்கே ஏற்றம் சில இடங்களில் நூறடிக்குப் பதினோரு அடி!

இந்த மலையிலிருந்த மரத்துக்காகத்தான் ஊரே உண்டானது. 1901ல் ஒரு காகித நிறுவனம், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைக் கூழாக்க மலைக்காட்டை வெட்டத் தொடங்கி, தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் காஸ். மரமறுக்கும் ஆலை, கம்பெனிக் கடை, வரிசையாக வெள்ளை மரவீடுகள், எல்லாமே கம்பெனியுடையவை. 1960ல் ஆலை மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்குப் போட்டிருப்பார்கள். மாநில அரசு வாங்கிக் காப்பாற்றியது. 1963 முதல் பயணிகள் ரயில்.

அந்தத் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில்தான் தங்கினோம். இரண்டு மாடி, சமையலறை உண்டு, நடந்தால் பலகை கிறீச்சிடும். எல்லா வீடும் ஒரே அச்சு என்பதால் இருட்டில் எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். விடுதி சொகுசு எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு மனசு நிறைந்தது.

போனால் விட்டேக்கர் நிலையம் வரை போய்த் திரும்பும் சின்னப் பயணத்தோடு நிறுத்தாதீர்கள். 4,842 அடி உயர பால்ட் நாப் சிகரம் வரை போங்கள். அரை நாள் போய்விடும், ஆனாலும் போங்கள். பெட்டி என்பது கட்டை ஏற்றிய வண்டிக்குக் கூரையும் பெஞ்சும் போட்டதுதான். பக்கவாட்டில் திறந்திருக்கும், கரித்தூள் விழும், உச்சியில் குளிரும். வெளிர்நிறச் சட்டை வேண்டாம், ஸ்வெட்டர் கட்டாயம். பக்கத்தில் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது; அதற்கு இடைஞ்சலாகாமல் சுற்றுவட்டாரத்தில் வானொலி அலைகளைக் கட்டுப்படுத்தியிருப்பதால் போனில் சிக்னலை நம்ப முடியாது. வழியை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.