அகரவரிசையா, வடிவ வரிசையா?

தமிழ் எழுத்துகள் 247. குழந்தைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க எதிலிருந்து தொடங்குவது?

அ, ஆ என்று அகரவரிசையில் போனால் பாட்டாகவே மனப்பாடம் ஆகிவிடும். சிக்கல் எழுதும்போதுதான். முதல் எழுத்தே சுழி, வளைவு, கோடு எல்லாம் சேர்ந்தது. 'இ' இன்னும் மோசம். பிஞ்சு விரல் திணறும். 12 உயிரெழுத்தும் முடித்த பிறகும் ஆ, ஈ மாதிரி ஓரெழுத்துச் சொற்களைத் தாண்டி எதுவும் தேறாது.

வடிவ வரிசை என்றால் எழுத எளிதான வடிவம் முதலில்; ட, ப, ம என்று ஆரம்பிக்கும். 'ட' இரண்டே கோடு. வலப்பக்கம் இன்னொரு கோடு ஏற்றினால் 'ப'. அப்புறம் புள்ளி வைக்கக் காட்டினால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம் என்று குழந்தையே கூட்டி வாசித்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என் ஓட்டு வடிவத்துக்கே. அகராதி புரட்ட வரிசையும் தெரிய வேண்டும், சரி. அதைப் பாட்டாகத் தனியே பாடவிடலாம்.