மூன்று பெடல், ஒரே பிரேக்: ஃபோர்டு மாடல் டி வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஃபோர்டு மாடல் டி-யில் முதன்முறை உட்காருகிறவர் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: இடது பெடலைக் கிளட்ச் என்று நினைத்து அடிவரை மிதிப்பது. மிதித்தால் வண்டி நியூட்ரலுக்குப் போகாது, முதல் கியரில் முன்னால் பாயும். பதறிப்போய்க் காலை எடுத்தால் இன்னும் மோசம், இரண்டாவது கியர் விழுந்துவிடும். நியூட்ரல் இருப்பது பெடலின் பாதித் தூரத்தில். நடுப் பெடல் ரிவர்ஸ். ஆக்சிலரேட்டர் இருக்க வேண்டிய வலது ஓரத்தில் பிரேக். ஆக்சிலரேட்டருக்குக் காலில் வேலையே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்புறம் நீட்டியிருக்கும் சின்ன லீவரை விரலால் கீழே இழுத்துத்தான் வேகம் கூட்ட வேண்டும்.

இன்றைய காலுக்கு இது விசித்திரம். ஆனால் அந்தக் காலத்தில் இந்த வண்டியை வாங்கிய அமெரிக்க விவசாயிக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை, அதுவரை அவர் ஓட்டியது குதிரை வண்டி. மற்ற கார்களில் கியர் மாற்றுவது அப்போது தனி வித்தை. கியர் பற்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் வராத காலம். நேரம் தவறினால் கியர் பற்கள் உரசி உடையும். மாடல் டி-யின் பிளானட்டரி கியரில் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கின்றன. பெடலை மிதித்தால் ஒரு பட்டை டிரம்மை இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தப்பாக மிதித்தாலும் உடைய ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள ஒரு காலைப் பொழுது போதும் என்பது இந்த வண்டியின் பெரிய பலம்.

1908 அக்டோபர் 1-ஆம் தேதி விற்பனைக்கு வந்து, 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது கார் வெளிவந்ததோடு முடிவுக்கு வந்த மாடல் இது. முதல் வண்டிகள் டெட்ராய்ட்டின் பிக்கெட் அவென்யூ தொழிற்சாலையில் செய்யப்பட்டன. 1910-இல் ஹைலண்ட் பார்க்குக்கு மாறினார்கள். அங்கே 1913-இல் நகரும் அசெம்ப்ளி லைன் வந்தபின், சேஸி கோர்க்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை அடுத்த ஆண்டு 93 நிமிடத்துக்கு இறங்கியது. விலையும் கூடவே இறங்கியது. தொடக்கத்தில் 850 டாலர் இருந்த டூரிங் மாடல் எங்கே, 1920-களின் நடுவில் 260 டாலருக்குக் கிடைத்த இரண்டு பேர் அமரும் ரன்னபவுட் எங்கே! விலை இறங்க இறங்கப் பித்தளை ரேடியேட்டரும் (1916-உடன் சரி) வண்ணங்களும் போயின. கறுப்பு மட்டுமே என்ற ஏற்பாடு 1914 முதல் 1925 வரைதான். முதல் ஆண்டுகளில் பச்சை, சிவப்பு, சாம்பல் நிறங்களில் வந்த வண்டி இது. சிக்கனம் பிடித்த இடம் மேற்பூச்சுதான். அச்சிலும் ஸ்டியரிங் பாகங்களிலும் போட்ட வனேடியம் எஃகில் கை வைக்கவில்லை. அதனால்தான் நூறு வருடம் கழித்தும் ஓடும் நிலையில் இத்தனை வண்டிகள் இருக்கின்றன.

மெல்லிய சேஸி, முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு பட்டை ஸ்பிரிங், தரைக்கு மேலே சுமார் 10 அங்குல இடைவெளி, ஏறக்குறைய 540 கிலோ எடை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேஸியே முறுக்கிக்கொண்டு கொடுக்கும். நம் கண்ணுக்குத் தள்ளாடுவதுபோலத் தெரியும். மழைக்காலச் சேற்றுச் சாலையில் கனமான விலையுயர்ந்த கார்கள் சிக்கி நிற்கும்போது இது போய்க்கொண்டே இருந்ததற்குக் காரணம் அந்தத் தள்ளாட்டம்தான்.

இனி ஸ்டார்ட் செய்வது. இதைத் தப்பாகச் செய்தால் மணிக்கட்டு உடையும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஹேண்டில் போடும் முன், அதாவது இன்ஜினை முன்னாலிருந்து கையால் சுற்றும் முன், இரண்டைப் பார்க்க வேண்டும். இடப்பக்கக் கை பிரேக் லீவர் முழுக்கப் பின்னால் இழுக்கப்பட்டிருக்க வேண்டும். அது பின்சக்கரத்தைப் பிடிப்பதோடு கிளட்சையும் நியூட்ரலில் வைக்கிறது. ஸ்டியரிங்குக்கு இடப்புறமுள்ள ஸ்பார்க் லீவர் முழுக்க மேலே, அதாவது தாமதமாகப் பொறி விடும் நிலையில், இருக்க வேண்டும். திராட்டில் லீவரை ஐந்தாறு பல் கீழே இறக்குங்கள். சுவிட்சைப் போடாமல், ரேடியேட்டருக்குக் கீழே நீட்டியிருக்கும் சோக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இரண்டு மூன்று முறை கால் சுற்று மேலே இழுத்தால் பெட்ரோல் உள்ளே போய்விடும். பிறகு சுவிட்சைப் போட்டு, சோக்கை விட்டு, ஒரே வெட்டாக மேலே இழுங்கள். கீழே அழுத்தக் கூடாது. இடது கை நல்லது. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. இன்ஜின் திருப்பி உதைத்தால் இடது கை தானாக விலகிப் போகும். சுற்றிப் பிடித்த கட்டை விரல் போகாது. ஓடத் தொடங்கியதும் ஸ்பார்க் லீவரைக் கீழே இறக்க மறக்காதீர்கள். மேலேயே விட்டு ஓட்டினால் சக்தி குறையும், ரேடியேட்டர் கொதிக்கும்.

1919 முதல் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. ஆனால் பொறிக்கான மின்சாரம் தரும் காயில்கள் சரியாக இருக்கும் சூடான இன்ஜினில் இரண்டுமே வேண்டாம். பேட்டரிப் பக்கம் சுவிட்சைத் திருப்பி ஸ்பார்க் லீவரை அசைத்தால், அழுத்தத்தில் நிற்கும் சிலிண்டரில் பொறி விழுந்து இன்ஜின் தானாகக் கிளம்பும். ஒரு வண்டி இப்படிக் கிளம்பினால் அதன் இக்னிஷன் நல்ல கையில் இருந்திருக்கிறது என்று நம்பலாம்.

குளிர்காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. கிளட்ச், எண்ணெயில் மூழ்கிய எஃகுத் தட்டுகளால் ஆனது. எண்ணெய் கெட்டியானால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். நியூட்ரலில் இருப்பதாக நினைத்து ஹேண்டில் போட்டால், கிளம்பிய வண்டி முன்னால் நிற்பவர் மேலேயே ஊர்ந்து வரும். கெட்டி எண்ணெய் ஊற்றாமல் 10டபிள்யூ-30 போன்ற இளகிய எண்ணெய் ஊற்றுவதும், சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் இதற்காக. அந்தக் காலத்தில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு ஹேண்டில் போட்டார்கள்.

இன்ஜின் 2.9 லிட்டர், நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன். கம்ப்ரஷன் விகிதம் 4-ஐ ஒட்டியே இருப்பதால் எந்தப் பெட்ரோலும் இதற்குப் போதும். 65, 70 கிலோமீட்டர் வேகம் தொடும். ஆனால் மெல்லிய கிராங்க் ஷாஃப்ட், மூன்றே மெயின் பேரிங். 50, 55-இல் வைத்து ஓட்டினால் பல வருடம் வரும். விரட்டினால் கிராங்க் முறிந்து, மொத்த இன்ஜினையும் இறக்க வேண்டியதாகும்.

ஆயில் பம்ப் இல்லை, ஃபில்டர் இல்லை, டிப் ஸ்டிக்கும் இல்லை. ஃப்ளைவீல் சுற்றும்போது வாரியிறைக்கும் எண்ணெயை ஒரு புனல் பிடித்து, மெல்லிய குழாய் வழியாக முன்பக்கம் அனுப்புகிறது. கியர்ப் பட்டையின் பருத்தி லைனிங்கிலிருந்து உதிரும் பஞ்சு இந்தக் குழாயை அடைத்தால், முதலில் போவது முதல் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங். எண்ணெய் அளவு பார்க்க, வண்டிக்கு அடியில் போய் இரண்டு சிறு குழாய்த் திருகுகளைத் திறக்க வேண்டும். மேல் திருகில் சொட்டினால் நிறைவு, கீழ்த் திருகிலும் சொட்டவில்லையென்றால் வண்டியை எடுக்கவே கூடாது. மொத்தக் கொள்ளளவு சுமார் 3.8 லிட்டர். ஃபில்டர் இல்லாததால் 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம்.

பெட்ரோல் பம்பும் கிடையாது. சீட்டுக்கு அடியிலுள்ள டேங்கிலிருந்து தானாக வழிந்து கார்பரேட்டருக்கு வருகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் கார்பரேட்டர் டேங்கைவிட உயரமாகிவிடும், இன்ஜின் நிற்கும். மேட்டை ரிவர்ஸில் ஏறினால் சிக்கல் தீரும், அப்படித்தான் ஏறினார்கள். 1926 மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு டேங்கை டேஷ்போர்டுக்கு முன்னால் உயரத்தில் வைத்துச் சரிசெய்தார்கள்.

மிஸ்ஃபயர் வந்தால் கார்பரேட்டரைக் குடையாதீர்கள், எந்த சிலிண்டருக்கு எப்போது பொறி என்று முடிவு செய்யும் டைமரை முதலில் துடைத்துப் பாருங்கள். இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் இந்தச் சுற்றும் உருளைக்கு எண்ணெய் காய்ந்தாலும் அழுக்கு சேர்ந்தாலும் பொறி தப்பும். அடுத்து, டேஷ்போர்டின் மரப்பெட்டியில் தேனீபோல் இரையும் நான்கு காயில்கள். பழைய காயிலுக்குள் இருக்கும் கண்டென்சர் நிச்சயம் பழுதாகியிருக்கும். அதை மாற்றி, ஒவ்வொரு காயிலையும் சோதனைக் கருவியில் 1.3 ஆம்பியருக்கு அமைத்த பிறகுதான் நான்கு சிலிண்டரும் ஒரே சீராக அடிக்கும். வெறும் கண் அளவில் பாயின்ட் இடைவெளி வைப்பது வீண் வேலை. காயில்களுக்கு மின்சாரம் தயாரிக்கும் மாக்னெட்டோவின் 16 காந்தங்கள் ஃப்ளைவீலிலேயே இருக்கின்றன. தப்பான ஒயரிங்கால் பேட்டரி மின்சாரம் மாக்னெட்டோ முனைக்குப் போய்விட்டால் காந்த சக்தி இறங்கிவிடும். திரும்ப ஏற்றலாம், ஆனால் சாதாரண ஒர்க்‌ஷாப்பில் ஆகிற காரியமல்ல. 1915 முதல் ஹெட்லைட்டும் இந்த மாக்னெட்டோவில்தான் எரிந்தது. ஸ்டார்ட்டரும் பேட்டரியும் இல்லாத வண்டியில் மெதுவாகப் போனால் வெளிச்சம் மங்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய குணங்கள். பிரேக் அப்படியல்ல. வலது பெடல் பிடிப்பது சக்கரத்தை அல்ல, கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு டிரம்மை. அங்கிருந்து டிரைவ் ஷாஃப்ட், பினியன், கிரவுன் வீல், ஆக்சில் என்று சுற்றித்தான் சக்கரத்தை அடைகிறது. இந்தத் தொடரில் ஒரு கண்ணி விட்டாலும் பெடல் பிரேக் மொத்தமும் போச்சு. விடக்கூடிய கண்ணியும் ஒன்று தெரிந்தே இருக்கிறது: பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் இரு பக்கமும் அது நகராமல் தாங்க ஃபோர்டு வைத்த ஒயிட் மெட்டல் (மெதுவான உலோகக் கலவை) திரஸ்ட் வாஷர்கள். வயதானால் இவை பிஸ்கட்போல் நொறுங்கும். நொறுங்கினால் கிரவுன் வீல் நகர்ந்து பினியனை விட்டு விலகிவிடும், இறக்கத்தில் வண்டி கட்டற்று ஓடும். கை பிரேக் சின்ன டிரம்மில் லைனிங் இல்லாத இரும்பு ஷூவோடு இருப்பது. நின்ற வண்டியைப் பிடிக்குமே தவிர ஓடும் வண்டியை நிறுத்தாது. வாஷரின் நிலையை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி கிடையாது. பின் ஆக்சிலை இறக்கிப் பிரித்து வெண்கல வாஷர் போடுவது ஒன்றே மருந்து. பெயின்ட், டாப், சீட் எல்லாம் அதற்குப் பிறகு.

பின்சக்கர டிரம்மை வெளியிலிருந்து பிடிக்கும் ராக்கி மவுன்டன் பிரேக் அந்தக் காலத்திலிருந்தே கூடுதலாகக் கிடைக்கிறது. போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அது முன்னால் போகும்போதுதான் நன்றாகப் பிடிக்கும், மேட்டில் பின்னால் உருளும் வண்டியை அதை நம்பி நிறுத்த முடியாது. ரக்ஸ்டெல் இரண்டு வேக ஆக்சிலோ கூடுதல் கியர் பெட்டியோ பொருத்திய வண்டியென்றால் இந்தப் பிரேக் கட்டாயம் வேண்டும். அவற்றில் கியர் நடுவில் மாட்டிக்கொண்டால் பெடல் பிரேக் சக்கரத்தை எட்டாது.

பட்டைகளில் முதலில் தேய்வது முதல் கியருடையது. இடது பெடல் தரைப் பலகையைத் தொட்டும் பிடிக்கவில்லையென்றால், கியர் பெட்டியின் வலப்புறம் வெளியே இருக்கும் திருகின் லாக் நட்டைத் தளர்த்தி உள்ளே திருகினால் போதும். ரிவர்ஸுக்கும் பிரேக்குக்கும் தரைப் பலகையைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். திறந்த உடனே உள்ளே துணியை அடைத்துவிடுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்து ஃப்ளைவீல் காந்தங்களில் சிக்கினால், அரை மணி நேர வேலை இன்ஜினை இறக்கும் வேலையாகிவிடும். அதிகமாக இறுக்கவும் கூடாது. பட்டை உரசிக்கொண்டே இருந்தால் லைனிங் கருகும், வண்டியும் இழுக்காது.

டயர் 30 அங்குல வெளிவிட்டம் கொண்ட பழைய கிளிஞ்சர் வகையென்றால் (ரிம்மின் வளைந்த விளிம்பில் காற்றழுத்தத்தால் மாட்டி நிற்பது) காற்று 55 முதல் 60 பி.எஸ்.ஐ. வேண்டும். குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி டியூபின் வால்வைக் கிழிக்கும். மரச் சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆரக்கால் முனகினால் சக்கரத்தை மறுபடி கட்ட வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கும் வைத்தியம் காய்ந்ததும் பழையபடி ஆகும், நம்ப வேண்டாம்.

இந்தியா, இலங்கை, மலாயா பக்கம் வந்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள் ஃபோர்டு கனடா அனுப்பியவை. பெடல் வரிசை அதிலும் அதேதான்.

எந்த வருட வண்டி? அழகுக்கு 1915, 1916-இன் பித்தளை ரேடியேட்டர். ஓட்டுவதற்கு 1926, 1927. பிரேக் டிரம் அகலமானது, பின்சக்கர டிரம்மும் பெரிதாகி லைனிங் உள்ள ஷூ வந்தது, பருத்த பலூன் டயர் வந்தது. அப்போதும் முன்சக்கரத்தில் பிரேக் இல்லை, கியர் இரண்டுதான். மூன்று கியர் செவர்லே வாங்குபவர்களை இழுத்துக்கொண்டிருந்தது. 1927 டிசம்பரில் மாடல் ஏ வந்தபோதுதான் ஃபோர்டு மூன்று கியரும் நான்கு சக்கரப் பிரேக்கும் 40 குதிரைத்திறனும் கொடுத்தது. பத்து வருடம் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டியவை.

உதிரி பாகத்துக்குக் கவலையில்லை. பட்டை லைனிங், டைமர், வாஷர், ரேடியேட்டர், டயர் வரை எல்லாம் அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின் ஆக்சிலை எப்போது பிரித்தார்கள், எந்த வாஷர் போட்டார்கள் என்பது. பதில் தெளிவாக இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வராமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.